அந்தமானுக்கு குடும்பத்தோடு குடிபோறீங்களா? 15 கிலோவைத் தாண்டினால் பர்ஸ் காலி!

விருதுநகர்:

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இருந்து வேலைக்காக அந்தமானுக்கு குடிபோக நினைப்பவர்கள் டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் போதாது. மூட்டை முடிச்சின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இல்லாவிட்டால் மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் ஏர்போர்ட் கவுன்டரிலேயே கரைந்து விடும்.

அந்தமான் நிகோபாரில் 2011-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 3 லட்சத்து 80 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். இவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு தாய்மொழி தமிழ். தலைநகர் போர்ட் பிளேயருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கு போக ரெயில், பஸ் கிடையாது. வானம், இல்லாவிட்டால் கடல். இரண்டே வழிதான்.

எந்த வழி லாபம்?

சென்னையில் இருந்து விமானத்தில் சுமார் 2 மணி நேரத்தில் போய்விடலாம். நம்ம ஊரில் இருந்து சென்னை போக 2 வழி உண்டு. ஒன்று, மதுரையில் விமானம் ஏறி சென்னையில் மாறுவது. இன்னொன்று, சிவகாசி, விருதுநகர் வழியாகப் போகும் பொதிகை எக்ஸ்பிரசில் ராத்திரி ஏறி அதிகாலையில் தாம்பரத்தில் இறங்குவது. அங்கிருந்து மின்சார ரெயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே ஏர்போர்ட்.

ரெயிலில் போவதுதான் செலவு குறைவு. ஆனால் ரெயில் லேட்டாகி விமானத்தை விட்டுவிட்டால் யாரும் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் அன்று காலையிலேயே விமானம் என்று வைத்துக்கொள்ளாமல் ஒரு நாள் முன்னாடியே சென்னை போய்விடுவது நல்லது. மதுரையில் ஏறுபவர்கள் 2 விமானத்துக்கும் ஒரே புக்கிங் எண்ணில் டிக்கெட் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் நஷ்டம் நம்ம தலையில்தான்.

டிக்கெட் எப்போ எடுக்கலாம்?

டிசம்பர், ஜனவரியிலும், ஏப்ரல், மே பள்ளி விடுமுறையிலும் சுற்றுலாக் கூட்டம் அலைமோதும். கட்டணமும் ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்பதால் கூட்டம் குறைவு, கட்டணமும் இறங்கி வரும். ஒன்றிரண்டு மாதம் முன்னாடியே பதிவு செய்வது நல்லது. கடைசி வாரத்தில் விலை குறையும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

டிக்கெட் விலையோடு லக்கேஜ், சீட் கட்டணம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ஆதார் அட்டையில் உள்ளபடியே டிக்கெட்டில் பெயர் இருக்கட்டும். இனிஷியல் குழப்பத்தால் வாசலிலேயே நிறுத்தப்பட வாய்ப்பு உண்டு.

15 கிலோ கணக்கு

ரெயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டு போகலாம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான். கையில் ஒரு பை, அதுவும் 7 கிலோ. அப்பா, அம்மா, 2 வயதைத் தாண்டிய 2 பிள்ளைகள் என்றால் பெட்டியில் 60 கிலோ, கைப்பையில் 28 கிலோ, ஆக மொத்தம் 88 கிலோ. கைக்குழந்தைக்கு இந்த அளவு கிடைக்காது.

இதைத் தாண்டினால் கவுன்டரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல் கேட்பார்கள். 10 கிலோ கூடினால் 5 ஆயிரத்துக்கு மேல் போய்விடும். தூக்கிட்டுப் போற எவர்சில்வர் பாத்திரத்தின் விலையே அவ்வளவு வராது! எடை கூடும் என்று தெரிந்தால் ஆன்லைனில் முன்கூட்டியே பணம் கட்டி விடலாம். அது கவுன்டர் கட்டணத்தைவிடக் குறைவு. சில கம்பெனிகளில் ஒருவருக்கு ஒரு பெட்டி மட்டுமே அனுமதி என்பதால் 15 கிலோவை 2, 3 பையாகப் பிரித்தாலும் கூடுதல் கட்டணம்தான்.

பழைய காலண்டர், டைரி, கிரைண்டர் கல், அரிசி மூட்டை எல்லாம் வேண்டாம். அங்கேயே கடைகள் உண்டு. துணிமணி, பள்ளி டி.சி., கேஸ் இணைப்பை ஒப்படைத்த ரசீது போன்றவைதான் முக்கியம். அசல் சான்றிதழ், நகை, பவர் பேங்க் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும்.

பட்டாசு, தீப்பெட்டி கூடவே கூடாது

நம்ம ஊர்க்காரர்கள் வெளியூர் போனால் சொந்தக்காரர்களுக்கு ஒரு பட்டாசு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். விமானத்தில் கம்பி மத்தாப்பு, பொட்டு வெடி உள்பட எதற்கும் அனுமதி இல்லை. தீப்பெட்டியும் கூடாது. ரெயிலில் கொண்டு போனால் ரெயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். தபாலிலும் அனுப்ப முடியாது.

பட்டாசு ஆலை வேலைக்குக் கொண்டு போன பை, மருந்து பட்ட துணி ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். வெடிமருந்துத் துகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஏர்போர்ட்டில் உண்டு. அது சத்தம் போட்டால் விசாரணை, அலைச்சல், விமானத்தையே விட்டுவிடும் நிலைமை. கொப்பரைத் தேங்காயும் தீப்பிடிக்கும் அபாயம் உள்ள பொருள் என்பதால் பெட்டியில் வைக்க முடியாது. ஊறுகாய், மிளகாய்ப் பொடி கைப்பையில் வேண்டாம்.

சாமான் அதிகமா? கப்பல் இருக்கு

சென்னை துறைமுகத்தில் இருந்து போர்ட் பிளேயருக்கு பயணிகள் கப்பல் போகிறது. தூரம் சுமார் 1,190 கிலோ மீட்டர். கடல் நிலவரத்தைப் பொறுத்து இரண்டரை முதல் 3 நாள் ஆகும். பங்க் வகுப்பில் கட்டணம் குறைவு, சாமானும் விமானத்தைவிட அதிகம் கொண்டு போகலாம். ஆனால் தினசரி கப்பல் கிடையாது. மாதத்தில் சில தடவைதான். புறப்படும் தேதியும் மாறலாம்.

பிள்ளை குட்டிகளை விமானத்தில் அனுப்பிவிட்டு வீட்டுக்காரர் மட்டும் சாமான்களோடு கப்பலில் வருவது செலவைக் குறைக்கும். நிகோபார் தீவுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தனியாக அனுமதி பெற வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.