சங்கிலியன் பூங்காவில் ஒரு மாலைப் பொழுது

உடையார்கட்டுக் குளத்தின் அயலில் வாழ்வோர் யாழ்ப்பாணம் செல்வதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே இருக்கும். பெரியாஸ்பத்திரிக்குச் செல்வது ஒன்று. நல்லூர்க் கந்தனின் திருவிழா மற்றொன்று. கலியாண வீட்டுக்குச் சேலை எடுப்பது மூன்றாவது. ஊர்ப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு அண்மையில் நாம் மேற்கொண்ட பிரயாணம் இம்மூன்றிலும் அடங்காதது. அரசன் ஒருவனுடைய பெயரைத் தாங்கிய பூங்காவைக் காண்பதே அதன் நோக்கம்.

பரந்தன் சந்தியில் கண்டி வீதியை அடைந்து, ஆனையிறவின் உப்பளங்களையும் பளையின் தென்னந்தோட்டங்களையும் கடந்து, கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி வழியாகச் செம்மணி வெளியை அடைந்தோம். அங்கிருந்து நல்லூர் தொலைவன்று. முத்திரைச் சந்தியிலே, குதிரைமீது அமர்ந்து வாளேந்திய கோலத்தில் சங்கிலி மன்னனின் சிலை நிற்கின்றது. 1974ஆம் ஆண்டில் முதன்முதலாக அமைக்கப்பட்ட இச்சிலை, 2011இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்து வைக்கப்பட்டது. அயலிலே உள்ளது சங்கிலியன் பூங்கா. கிட்டுப் பூங்கா என்ற பெயராலும் இவ்விடத்தை அறிவர். விழாக்களும் கண்காட்சிகளும் பொதுக் கூட்டங்களும் நடைபெறும் திடல் இது.

சிலையை அண்ணாந்து பார்த்த சிறுவன் ஒருவன், “மாமா, இந்த ராசா எந்தப் போரிலே வென்றவர்?” என்று கேட்டான். குதிரையையும் வாளையும் கண்ட எவருக்கும் எழக்கூடிய வினாவே அது. தோற்ற மன்னன் இவன் என்று நாம் கூறியபோது, பிள்ளைகளின் முகங்களில் வியப்புத் தோன்றியது. தோற்றவனுக்குச் சிலை எதற்கு? அவ்வினாவுக்கு விடை கூற, வரலாற்றைச் சற்றே விரித்துரைக்க வேண்டியதாயிற்று.

இரண்டு சங்கிலிகள்

யாழ்ப்பாண இராச்சியத்தில் சங்கிலி என்னும் பெயருடையோர் இருவர் ஆட்சி செய்தனர். முதலாமவன் 1519 முதல் 1561 வரை ஆண்டவன் என்பர். போர்த்துக்கேயரின் வரவைக் கடுமையாக எதிர்த்தவன் அவன். 1544இல் மன்னாரிலே புதிதாகக் கிறிஸ்தவ சமயந் தழுவிய ஏறத்தாழ 600 பேர் அவனுடைய ஆணையால் கொல்லப்பட்டனர். மன்னார்க் கத்தோலிக்க மக்கள் அவர்களை வேதசாட்சிகளாக இன்றும் போற்றுகின்றனர். 1560இல் போர்த்துக்கேய இராசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ டி பிறகன்சா படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். எனினும் அந்நகரை நிலையாக வைத்திருக்க அவனால் இயலவில்லை. மன்னார்த் தீவு மாத்திரமே போர்த்துக்கேயர் வசமாயிற்று.

இரண்டாம் சங்கிலி 1617இல் அதிகாரத்தைக் கைப்பற்றினான். தஞ்சை நாயக்கரின் படையுதவியை நாடியவன் அவன். 1619இல் பிலிப் டி ஒலிவேறா நல்லூரை வென்று, சங்கிலியைச் சிறைப்பிடித்தான். கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட மன்னன், 1623இல் அங்கே மரண தண்டனைக்கு உள்ளானான். அவனுடன் யாழ்ப்பாண அரசு முடிவெய்தியது. நல்லூரிற் சிலையாக நிற்பவன் இவனே என்று பொதுவாகக் கொள்வர்.

இம்மன்னர்களைப் பற்றி எழுதியோர் யாவர் என்பதையும் மாணவர்கள் நோக்குதல் வேண்டும். கோவாவில் இருந்து குவேறோஸ் பாதிரியார் 1687இல் எழுதி முடித்த நூல் வென்றவர் பக்கத்தது. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையோ, ஒல்லாந்தர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டில், அவ்வாட்சியின் அதிகாரி ஒருவனின் விருப்பப்படி எழுந்தது. அந்நூல் இரு சங்கிலிகளையும் ஒருவனாகவே மயங்கிக் கூறுகின்றது. அவனைக் கொடியவனாகவும் காட்டுகின்றது. சங்கிலியின் பக்கமிருந்து அவன் காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு எதுவும் எமது கைக்கு எட்டவில்லை.

அழிந்த நகரின் அடையாளங்கள்

பூங்காவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் சங்கிலியன் தோப்பு, அங்குள்ள தோரணவாயில், மந்திரிமனை, யமுனா ஏரி ஆகியவற்றைக் காணலாம். தோரணவாயிலும் மந்திரிமனையும் இன்றுள்ள வடிவில் பிற்காலத்தன என்பது அறிஞர் கருத்து. ஆயினும் அவை நிற்கும் நிலம் பழைய அரச வளவைச் சேர்ந்தது என்பதே மரபு. யமுனா ஏரி, ‘ப’ என்னும் எழுத்தின் வடிவில் அமைந்த கேணி. யமுனை நதியின் நீரை வருவித்து அதிற் கலந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். எம்முடன் வந்த பிள்ளைகள் அதன் கரையிலே சுற்றி நடந்து, எழுத்தைக் காலால் எழுதி மகிழ்ந்தனர்.

கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், தெற்கே கைலாசநாதர், வடக்கே சட்டநாதர் என நான்கு கோயில்கள் நகருக்குக் காவலாக அமைந்தன என்பது பரம்பரைச் செய்தி. இந்நான்கையும் தொட்டு ஒருமுறை நடந்து வருவோர், பழைய தலைநகரின் பரப்பை ஒருவாறு உணரலாம். நடுவே விளங்கிய கந்தசுவாமி கோயிலை 1621இல் ஒலிவேறா இடிப்பித்தான். அக்கோயில் முத்திரைச் சந்தியில், தற்போது கிறிஸ்தவ தேவாலயம் உள்ள இடத்தில் இருந்தது என்பர். நாம் இன்று வழிபடும் கோயில், குருக்கள் வளவில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

பாங்கொக் நகரின் பூங்கா

அரசர் பெயரால் விளங்கும் பூங்காக்கள் பிற நாடுகளிலும் உள்ளன. தாய்லாந்தின் பாங்கொக் நகரிலே, புத்தர் பிறந்த லும்பினியின் பெயர் பூண்ட பூங்கா ஒன்று 140 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்துள்ளது. ஆறாம் இராமர் எனப்படும் வஜிராவுத் மன்னர், பெரிய பொருட்காட்சி ஒன்றை நடத்தும் பொருட்டுத் தமது சொந்த நிலத்தை அதற்கு வழங்கினார். பொருட்காட்சி நிகழுமுன்பே, 1925 நவம்பரில் அவர் காலமானார். நிலம் மக்களுக்குப் பூங்காவாயிற்று. 1942இல் அதன் வாயிலிலே அவருடைய சிலை நிறுவப்பட்டது.

அங்கே மன்னர் மக்களுக்கு நிலத்தை ஈந்தார். அவருடைய வமிசமும் அரியணையில் தொடர்கின்றது. நல்லூர் மன்னனிடம் ஈவதற்கு எதுவும் எஞ்சவில்லை. அவனுக்கு ஓர் இடத்தை மக்களே அளிக்க வேண்டியிருந்தது.

எமது அயலிலே ஒரு கல்

திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியையும் சொன்னோம். வன்னியின் குறுநில மன்னனான பண்டாரவன்னியன், 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கி, அங்கிருந்த படையைத் துரத்தினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் அவன் தோல்வியுற்றான். அங்கே நடப்பட்ட நினைவுக் கல், கப்டன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் அதுவென ஆங்கிலத்திற் பொறித்திருந்தது. அதாவது, அது வென்றவனின் புகழுக்கு எழுந்த கல். ஆயினும் மக்கள் அதனை நாடிச் சென்றது தோற்றவனை நினைத்தே. அக்கல் 2010இல் உடைக்கப்பட்டபோது எமது மக்கள் வருந்தியதும் அதனாலேயே.

தோற்றவனுக்குச் சிலை எதற்கு என்ற வினாவுக்கு விடை இங்குதான் உள்ளது. வென்றவரின் ஏடுகளிலும் கல்லிலும் அவர்தம் கூற்று நிலைத்துவிடும். தோற்றவரின் கதையைச் சொல்லுதற்கு அவருடைய மண்ணில் வாழ்வோரே உளர். அதனைச் சொல்லும்போது உள்ளதை உள்ளவாறே சொல்லுதலும் கடமை. மன்னாரில் மாண்டவர்களை மறைத்துவிட்டுச் சங்கிலியைப் போற்றுவது வரலாறு ஆகாது.

வன்னியிலிருந்து நல்லூருக்குத் திருவிழாவுக்கென்று செல்லும் குடும்பங்கள், சுவாமி தரிசனம் முடிந்தபின் இரண்டு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். முதலில் சிலை, பின்னர் தோரணவாயில், மந்திரிமனை, யமுனா ஏரி, இறுதியாகப் பூங்கா என்ற ஒழுங்கு நன்று. வெயில் தாழ்ந்த பின் செல்லுதல் நலம். பூங்காவில் இளைப்பாறிக் கொண்டே பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை சொல்லலாம். மற்றொரு விடுமுறை நாளிலே கற்சிலைமடுவுக்கும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அது எமக்கு இன்னும் அண்மையில் உள்ளது.