மலிவு விலைக் கைத்துப்பாக்கி நம்பகமானதா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தயாராகும் ஹை-பாயின்ட் சி9 கைத்துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் சுளிப்பவர்கள் அதிகம். பருமன், கனம், அழகில்லாத வடிவம். ஆனால் பல ஆண்டுகளாக அதன் விலை 200 டாலருக்கும் கீழேதான் இருந்தது. வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி தேடும் வசதி குறைந்தவர்களுக்கு அதுவே பெரிய ஈர்ப்பு.

அந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. பெரும்பாலான 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளில், சுடும் கணத்தில் குழலும் அதன்மேல் முன்பின்னாக நகரும் பகுதியான ஸ்லைடும் பூட்டியபடி இருக்கும். சி9-இல் அந்தப் பூட்டு கிடையாது. வெடிப்பின் உந்துதலைத் தடுத்து நிறுத்துவது முக்கியமாக ஸ்லைடின் எடைதான். எனவே அதைத் துத்தநாகக் கலவையில் தடிமனாக வார்க்கிறார்கள். தோட்டா இல்லாமலே எடை சுமார் 820 கிராம். ஒப்பிட்டால், மற்றொரு 9 மி.மீ. கைத்துப்பாக்கியான கிளாக் 19 ஏறக்குறைய 600 கிராம்தான்.

வாங்கியவர்களின் அனுபவம் இரண்டாகப் பிரிகிறது. ஆயிரக்கணக்கில் சுட்டும் கோளாறே வரவில்லை என்பார் ஒருவர். முதல் நாளே தோட்டா சிக்கியது என்பார் இன்னொருவர். சிக்கலுக்குப் பெரும்பாலும் தோட்டாக்களை அடுக்கும் மேகசின்தான் காரணம். அதன் வாய்விளிம்பு சற்றே பிசகினாலும் தோட்டா சரியான கோணத்தில் மேலேறாது. தோட்டாவின் முனை வடிவமும் முக்கியம்: உருண்டை முனை எளிதாக நுழையும், குழிமுனை சில நேரம் தடுக்கும்.

தயாரிப்பாளர் தரும் வாழ்நாள் உத்தரவாதம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. பிறர் பயன்படுத்தியதை வாங்கியவருக்கும் இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறார்கள்.

பயிற்சிக் களத்துக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் இதை நம்பி உயிரையே ஒப்படைப்பவர், தாம் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவைச் சில நூறு முறையாவது முதலில் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும்.