உங்களுக்குத் தெரியுமா? காதும் ஒலி எழுப்பும்!

காது கேட்பதோடு நிற்பதில்லை. தானே மெல்லிய ஒலியும் எழுப்புகிறது. 1978இல் லண்டனில் ஆய்வாளர் டேவிட் கெம்ப் இதைப் பதிவுசெய்து காட்டினார். உட்செவியின் காக்ளியாவில் உள்ள வெளி மயிர்ச்செல்கள் நீண்டு சுருங்குவதால் பிறக்கும் ஒலி இது. வெளிச்சத்தம் ஏதுமில்லாமல் தானாக எழும் வகை, ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம். அதுவும் இடக்காதைவிட வலக்காதில். பச்சிளங்குழந்தைகளிடமே இந்த வேறுபாடு தெரிவதால், வளர்ப்பின்மீது பழிபோட வழியில்லை. (மனைவி கூப்பிட்டது காதில் விழவில்லை என்பதற்கும் இது சாக்காகாது!)

இன்னொரு விந்தை: ஆண் குழந்தையோடு இரட்டையராகக் கருவில் வளர்ந்த பெண்களுக்கு இவ்வொலி குறைவு, கிட்டத்தட்ட ஆண்களின் அளவுக்கு என்று 1993இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் மெக்ஃபேடன் எழுதினார். உடன் வளர்ந்த ஆண் சிசுவின் ஹார்மோன் காரணமாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு.