'பின்னால் உட்கார்ந்திருந்தவர்' என்று எழுதச் சொல்லுங்கள்

பைக்கில் போகும்போது லாரி இடித்து விழுந்த ஒருவரை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். "எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்கிறார். கூட வந்தவர் "டூவீலர்ல போகும்போது லாரி இடிச்சிடுச்சு" என்கிறார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரிலும் (ஏ.ஆர்.) அவ்வளவுதான் பதிவாகிறது. காயம்பட்டவர் வண்டியை ஓட்டினாரா, பின்சீட்டில் இருந்தாரா என்பது அதில் இல்லை. உயிர் பிழைத்தால் போதும் என்றிருக்கும் நேரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பின்னாளில் நஷ்டஈடு கேட்டுப் போகும்போது, காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் எடுத்துக் காட்டுவார்.

இந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இரண்டு வண்டிகள் மோதினால், ஓட்டியவர் பக்கமும் தவறு இருந்ததா என்று விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் பார்க்கும். இருந்தால், அந்தப் பங்கு அவருடைய நஷ்டஈட்டில் கழியும். பின்சீட்டில் இருந்தவர் கையில் ஹேண்டில்பாரும் இல்லை, பிரேக்கும் இல்லை. அதனால் ஓட்டியவரின் தவறு அவர் தலையில் ஏறாது. இரண்டு ஓட்டுநர்களும் தவறு செய்திருந்தாலும், முழுத் தொகையையும் இருவரில் ஒரு தரப்பிடமிருந்தே அவர் கேட்டுப் பெறலாம் என்று 2015இல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஒரே பைக்கில் மூன்று பேர் போவது சட்டமீறல்தான். ஆனால் அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படாதபோது, அதை மட்டும் காரணம் காட்டித் தொகையைக் குறைக்க முடியாது என்று 2020இல் முகமது சித்திக் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. இந்தப் பாதுகாப்பெல்லாம் 'பின்னால் இருந்தவர்' என்று ஆவணம் சொல்லும்போது எளிதாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும்.

குறியீடு எழுதுபவர் மேஜையில்

டிஸ்சார்ஜ் ஆனதும் கேஸ் ஷீட் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போகிறது. அங்கே மெடிக்கல் கோடர் அதை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 குறியீடுகளாக மாற்றுகிறார். என்ன காயம் என்பதற்கு ஒரு குறியீடு, எப்படி வந்தது என்பதற்கு இன்னொன்று. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவு எஸ்72.0. மோட்டார் சைக்கிளில் சென்றவரின் காயத்துக்குக் காரணம் சொல்ல வி20 முதல் வி29 வரை உள்ளன. லாரி அல்லது பஸ் மோதினால் வி24, கார் என்றால் வி23. சேலை சக்கரத்தில் சிக்கியோ பள்ளத்தில் குலுங்கியோ மோதலே இல்லாமல் விழுந்தால் வி28.

புள்ளிக்குப் பிறகு வரும் எண்தான் ஆள் யார் என்று சொல்கிறது. பொதுச்சாலை விபத்தில் 4 என்றால் ஓட்டியவர், 5 என்றால் பின்னால் இருந்தவர், 9 என்றால் யாரென்று குறிப்பிடப்படவில்லை. வண்டியில் ஏறும்போதோ இறங்கும்போதோ காயம்பட்டால் 3. டாக்டர் எழுதாததைக் கோடர் ஊகித்து எழுதக் கூடாது. எனவே "டூவீலரில் போகும்போது லாரி மோதியது" என்று மட்டும் இருந்தால் வி24.5 ஆக வேண்டியது வி24.9 ஆகிவிடும்.

நீதிமன்றம் குறியீட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. அதற்கு அடிப்படையான மருத்துவக் குறிப்பைத்தான் பார்க்கும். ஆனால் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில் இந்தக் குறியீடு இடம்பெறுகிறது. படிவம் ஒன்று சொல்லி ஏ.ஆர். காப்பி வேறொன்று சொன்னால் கேள்வி எழும்.

பின்சீட்டில் இருப்பவர்களைத் தனியே எண்ணுவதால்தான் அவர்களுக்குள்ள ஆபத்தும் தெரியவருகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி, 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் பின்சீட்டிலும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டுமே விலக்கு.

பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்

வண்டிக்கு 'தேர்டு பார்ட்டி' பாலிசி மட்டும் இருந்தால், அந்த வண்டியிலேயே பின்னால் வந்தவருக்கு அதன் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவறு அந்த வண்டியுடையது என்றால், பணம் வண்டிக்காரரின் கையிலிருந்து வர வேண்டும். பேக்கேஜ் (காம்ப்ரிஹென்சிவ்) பாலிசி இருந்தால் பின்சீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் சுற்றறிக்கை மூலம் உறுதிப்படுத்தியது. மோதியது வேறு வண்டி என்றால், அதன் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்கள் தேர்டு பார்ட்டி. அதனால் எதிர் வண்டியின் எண்ணைக் குறித்துவைப்பது மிக அவசியம்.

ஆளை மாற்றிச் சொல்லாதீர்கள்

"பையனுக்கு லைசென்ஸ் இல்லை, அப்பா ஓட்டினதா சொல்லிடுவோம்" என்று ஆலோசனை தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விபத்து நடந்த சற்று நேரத்தில் டாக்டரிடம் சொன்னது ஏற்கெனவே ஏ.ஆரில் பதிவாகியிருக்கும். பிறகு எஃப்.ஐ.ஆரில் கதை மாறினால் உண்மையான காயத்துக்கான நஷ்டஈடும் சந்தேகத்தில் மாட்டும். பொய்ச் சாட்சி வழக்கும் வரலாம்.

என்ன செய்ய வேண்டும்?

• முதலில் சிகிச்சை. போலீஸ் வரட்டும் என்று மருத்துவமனை காத்திருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, உடனே சிகிச்சை தரும் கடமையை டாக்டருக்கு விதிக்கிறது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

• ஏ.ஆர். போடும்போதே யார் ஓட்டியது, யார் பின்னால் இருந்தது, எது மோதியது, ஹெல்மெட் அணிந்திருந்தாரா என்பதைச் சொல்லி எழுதவையுங்கள்.

• பதிவு தவறாக இருந்தால் மருத்துவக் கண்காணிப்பாளரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ (ஆர்.எம்.ஓ.) எழுத்தில் மனுக் கொடுத்து, அதன் நகலில் ஒப்புதல் வாங்குங்கள். பழைய வரியை மேலெழுதி அழிக்கச் சொல்லாதீர்கள். டாக்டர் தேதியும் கையெழுத்தும் இட்டுத் திருத்தினால்தான் நம்பகம்.

• மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. மூன்று ஆண்டு வரைதான் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே விதி. தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

• எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம். அதிலும் உங்கள் இடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

• நஷ்டஈட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம்.

• இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால், இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும். போகும்போது ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர். மூன்றையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே விவரம் இருந்தால் உங்கள் வழக்குக்குப் பாதி பலம் வந்துவிட்டது.