முடி உதிர்வும் உடல்நலமும்

கோத்தகிரியை அடுத்த அரவேணுப் பகுதியில் கூந்தல் மெலிவதற்கு மலைத் தண்ணீரையும் குளிரையும் குறை கூறி, விலையுயர்ந்த எண்ணெய்களை நாடுவோர் உளர். ஆயினும் முடியின் செழுமை உடல்நலத்தையே பெரிதும் சார்ந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. அதற்கு மேற்பட்டு உதிருமாயின் காரணத்தை ஆராய்தல் நன்று.

பெண்களிடையே பெரிதும் காணப்படும் காரணங்களுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையோர். தேயிலை விளையும் நம் ஊர்களில் ஒன்றை மறத்தலாகாது: உணவுடன் அருந்தும் தேநீர், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஆதலின் உண்டபின் ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்துவோமாக. கீரையுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துண்டால் அச்சத்து நன்கு சேரும்.

சோர்வும், குளிர் தாங்காமையும், உடல் பருத்தலும் உடனிருப்பின் தைராய்டுச் சுரப்பியின் குறையாகலாம். இரத்தப் பரிசோதனை அதனைக் காட்டும். டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக்கும் பின், இரண்டு மூன்று மாதங்களில் முடி கொத்தாக உதிர்வதுண்டு. அஞ்ச வேண்டா, சில மாதங்களில் மீண்டும் வளரும். பரம்பரை வழுக்கை வேறு வகை. குழந்தைகளின் தலையில் செதிலும் அரிப்பும் கொண்ட திட்டுகள் தோன்றின் அவை பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றாகும், மருத்துவரிடம் காட்டுக.

இரும்புச்சத்து மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதனைக் கிராமசபையில் எடுத்துரைப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும். எண்ணெய்ப் புட்டியை வாங்குமுன் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வதே அறிவுடைமை.