தரங்கம்பாடியின் சின்ன எழுத்து

ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் ஈய எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அளவில் மிகப் பெரியவை. மதபோதகர் சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு முழுவதையும் அவற்றில் அச்சிடக் காகிதம் போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715இல் நூல் முடிந்தது.

எழுத்தைச் சிறிதாக்குவது வெறும் அளவுக் கணக்கல்ல. ‘ண’வின் சுழிகள் நெருங்கினால் மை அடைத்துக்கொள்ளும். சுழியின் உள்வெளியைச் சற்றே அகட்டவேண்டும். கோடு மெலியவேண்டும், ஆனால் அச்சில் உடையக்கூடாது. எழுத்து வெட்டும் கலைஞர், தான் எழுத்தைச் செதுக்கிய எஃகு முனையை விளக்குச் சுடரில் காட்டிக் கரியேற்றி, தாளில் ஒற்றிப் பார்ப்பார். அரத்தால் ஓர் இழை தேய்த்து மறுபடி ஒற்றுவார். அந்தப் பொறுமை பெரும் கலை. இன்று கணினித் திரையில் எழுத்துரு வரைவோருக்கும் சின்ன அளவில் இதே சுழிகள்தான் வேலை வைக்கின்றன.