மாத்தளைப் பாறைகள்

பாறைகள் மூவகைப்படும் என்பதை மாணவர் யாவரும் அறிவர். பூமியினுள்ளே உருகிய குழம்பு குளிர்ந்து இறுகுவதால் உண்டாவது தீப்பாறை. நீரும் காற்றும் கொணர்ந்த மணலும் சேறும், உயிரினங்களின் ஓடுகளும் படைபடையாகப் படிந்து இறுகுவதால் உண்டாவது அடையற்பாறை. இவ்விரண்டும் பெருவெப்பத்தாலும் பேரமுக்கத்தாலும், உருகாமலே இயல்பு திரிந்து புதுப் படிகங்களாக அமைந்தால் அஃது உருமாறிய பாறை.

இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இம்மூன்றாம் வகையினதே. மாத்தளையும் அதனுள் அடங்கும். எனினும், கண்ணாற் கண்டதும் தோன்றும் எண்ணம் பலகாலும் நம்மை ஏமாற்றிவிடும்.

மாத்தளைச் சூளைகளிற் சுடப்பெற்ற கல்லைச் சுண்ணாம்புக்கல் என்றே வழங்குகிறோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் கடலிற் படிந்தது. அதிற் சிப்பிகளின் சுவடுகளைக் காணலாம். மாத்தளைக் கல்லிலோ அத்தகைய சுவடில்லை; சர்க்கரைக் கட்டிபோல் மின்னும் படிகங்களே உள. அதுவும் ஆதியிற் கடலடிப் படிவே. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி இணைந்தபோது, பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து சலவைக்கல்லாயிற்று. இத்தகைய பளிங்குருச் சுண்ணக்கற்களைப் பற்றி 1902இல் ஆராய்ந்து எழுதியவர், பின்னர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் தலைவராக விளங்கிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனிச் சிகிரியாவை நோக்குவோம். சமவெளியினின்று ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் அக்குன்றை, எரிமலையின் தொண்டையில் இறுகிய குழம்பு என்பார் பலர். ஆயின், அங்குள்ளது நைசு என்னும் உருமாறிய பாறையே. கனிகள் பட்டைபட்டையாக நிரைபட்டிருத்தல் அதன் அடையாளம். சுற்றியிருந்த பாறை காலப்போக்கில் சிதைந்து அரிக்கப்பட, வெடிப்புக் குறைந்த பகுதி தனித்து நின்றது. குன்று எழும்பவில்லை, சூழ இருந்த நிலமே தாழ்ந்தது.

பாறையின் வகை வாழ்க்கையையும் தொடுகிறது. மழைநீர் சலவைக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். ஆதலின் அப்பாங்கான இடத்துக் கிணற்றுநீர் வன்னீராகும். குவாட்சைற்று எளிதிற் கரையாது. ஆகவே மலைமுகடாய் நிலைக்கும். நக்கிள்ஸ் மலைத்தொடரில் இவ்விருவகைப் பாறைகளும் உள.

மாணவர்கள், ஆசிரியர் முன்னிலையில், மாத்தளைக் கல்லின் தூளில் ஐதான அமிலத்தைச் சில துளி விட்டுப் பார்ப்பாராக. நுரை எழுந்தால், ஒருகாற் கடலடியிற் கிடந்த சுண்ணப் படிவே இன்று தம் கையில் இருப்பதை உணர்வர்.